பார்த்து எழுதிக் கற்ற மொழி: அஹரோன் ஆப்பெல்ஃபெல்ட்

தன் நினைவின் அடியாழத்தில் கிடப்பது ஒரு சொல் என்று இஸ்ரேலிய நாவலாசிரியர் அஹரோன் ஆப்பெல்ஃபெல்ட் எழுதியிருக்கிறார். ‘எர்ட்பேரன்.’ ஜெர்மன் மொழியில் ஸ்ட்ராபெரிப் பழங்கள். கார்பாத்திய மலைப்பகுதியில் ஒரு கோடை விடுமுறை. கூடை நிறையக் காட்டுப் பழங்களோடு ஒரு குடியானவப் பெண். அந்த நீளமான சொல்லைக் குழந்தை முழுசாகச் சொல்லிவிட்டதில் அம்மாவுக்கு வியப்பு. சாப்பிட்டது போகக் கூடையில் மிஞ்சிய பழங்கள் பிறகு சாம்பல் நிறமாகிச் சுருங்கிப் போயின. 1999இல் வெளிவந்த ‘ஒரு வாழ்க்கையின் கதை’ என்ற அவருடைய நினைவுநூல் இந்தக் காட்சியோடு தொடங்குகிறது.

அந்தச் சொல்லைக் கேட்டு வியந்த அம்மா 1941இல் கொல்லப்பட்டார். கொலைக்குப் பின்னால் இருந்த பேரரசும் அதே ஜெர்மன் மொழியைத்தான் பேசியது. மகன் பிழைத்தார். 14 வயதில் வேறொரு மொழிக்குள் போய் விழுந்தார். எழுத்துக்கூட்டக்கூட வராத அந்த ஹீப்ரு மொழியில் பின்னாளில் 40க்கும் மேற்பட்ட நூல்கள் எழுதினார். தமிழில் ‘தாய்மொழி’ என்கிறோம். ஜெர்மனிலும் ஹீப்ருவிலும் அதே கூட்டுச்சொல்தான் இருக்கிறது. நாம் யோசிக்காமல் சொல்லிவிட்டுப் போகும் சொல். ஆப்பெல்ஃபெல்டுக்கு அதன் இரண்டு பாதிகளும் ஒன்றிலிருந்து ஒன்று பிய்ந்து வந்தவை. அவருடைய நாவல்கள் ஏன் அவ்வளவு குறைவாகப் பேசுகின்றன, வதைமுகாம் வாசலுக்கு முன்பே ஏன் கதை நின்றுவிடுகிறது என்று கேட்கும் வாசகருக்கு என்னிடம் ஒரு பதில் உண்டு: அவர் மொழியை இழந்த விதமும், இன்னொரு மொழியைச் சம்பாதித்த விதமும்தான் காரணம்.

அவர் பிறந்தது 1932 பிப்ரவரி 16. செர்னோவிட்ஸ் நகருக்கு அருகில், புகோவினா என்ற பகுதியில். இந்த நிலப்பரப்பின் வரலாற்றைச் சொல்லாமல் அவர் கதைக்குள் போக முடியாது. 1918 வரை ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் கிழக்கு ஓரம். அடுத்து ருமேனியா. 1940இல் சோவியத் படை வந்தது. ஓராண்டில் ருமேனியப் படை ஜெர்மானியரோடு திரும்பி வந்தது. 1944இல் மறுபடியும் சோவியத். இன்று அந்த நகரம் உக்ரைனில், செர்னிவ்ட்சி என்ற பெயரில் இருக்கிறது. ஓர் ஊரிலேயே பிறந்து அங்கேயே கிழவராகிச் செத்த ஒருவர் நான்கு அரசுகளின் குடிமகனாக இருந்திருக்க முடியும்.

வீட்டுக்குள்ளேயும் நான்கு மொழிகள். அப்பா அம்மாவோடு ஜெர்மன். கிராமத்தில் பக்தியோடு வாழ்ந்த தாத்தா பாட்டியோடு யிட்டிஷ், அதாவது கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் பேச்சுமொழி. வீட்டு வேலை செய்த பெண்களோடு ருத்தேனியம், அதாவது இன்றைய உக்ரைனியத்தின் ஒரு வகை. அரசாங்கத்துக்கு ருமேனியம். யூதர்களில் படித்த நடுத்தரக் குடும்பங்களுக்கு ஜெர்மன் என்பது வெறும் பேச்சுமொழியாக இருக்கவில்லை. அது வியன்னா, அது இசை, இலக்கியம், நாகரிகம். யிட்டிஷ் பேசுவது பின்தங்கிய கிழவர்களின் வழக்கம் என்ற எண்ணம் அந்த வீடுகளில் இருந்தது. எர்வின் என்று பெயர் வைக்கப்பட்ட இந்தப் பையனும் அப்படியொரு வீட்டின் ஒரே பிள்ளை.

1941 கோடையில் அது முடிந்தது. கிராமத்தில் தாத்தா பாட்டி வீட்டில் இருந்தார்கள். சிறுவனுக்குப் பொன்னுக்கு வீங்கி, படுக்கையில் கிடந்தான். வெளியே துப்பாக்கிச் சத்தம். அம்மாவும் பாட்டியும் கொல்லப்பட்டார்கள். அவன் சன்னல் வழியே குதித்து ஒளிந்துகொண்டான். அம்மாவின் சாவை அவன் பார்க்கவில்லை, அலறலைக் கேட்டான். இந்த ஒரு விவரத்தை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னாளில் அவர் எழுதிய பெரும்பாலானவற்றில் கொலை கண்ணுக்கு எட்டாத தூரத்தில்தான் நடக்கிறது.

தந்தையும் மகனும் முதலில் செர்னோவிட்ஸ் கெட்டோவில், யூதர்களை ஒதுக்கி அடைத்து வைத்த பகுதியில், அடைக்கப்பட்டார்கள். அங்கிருந்து கால்நடையாக, சேற்றில், ட்ரான்ஸ்நிஸ்ட்ரியாவுக்கு ஓட்டிச் செல்லப்பட்டார்கள். தினெஸ்த்தர், பூக் என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவே ருமேனிய ஆட்சியின் கீழ் இருந்த பகுதி அது. அங்கே அனுப்பப்பட்டவர்கள் பெரும்பாலும் பசியிலும் குளிரிலும் டைஃபஸ் காய்ச்சலிலும் செத்தார்கள். முகாமில் அப்பா பிரிக்கப்பட்டார். பையன் தப்பிக் காட்டுக்குள் ஓடினான்.

அதன் பிறகு கிட்டத்தட்ட மூன்றாண்டுகள். பொன்னிற முடி அவனைக் காப்பாற்றியது; பார்ப்பதற்கு உக்ரைனியப் பையன்போல இருந்தான். ஊருக்கு வெளியே வாழ்ந்த விலைமாது ஒருத்தியிடம் எடுபிடியாக இருந்தான். குதிரைத் திருடர்கள் அவனைச் சேர்த்துக்கொண்டார்கள். சின்ன உடம்பு என்பதால் லாயத்தின் சிறு சன்னல் வழியே உள்ளே இறக்கிவிட்டுக் கதவைத் திறக்கச் சொல்வார்கள். யாரோடும் அதிகம் பேசக்கூடாது என்பதே அவனுடைய முதல் விதி. பேசினால் உச்சரிப்பு காட்டிக்கொடுக்கும், கேள்வி வரும், கேள்விக்குப் பதில் வேண்டும். ஏழு வயதில் பள்ளிக்குப் போன குழந்தைகள் கட்டுரை எழுதப் பழகும் பருவத்தில் இவன் வாயை மூடிக்கொண்டு மனிதர்களின் கைகளையும் கண்களையும் கவனிக்கப் பழகினான். அந்த ஆண்டுகளின் நினைவு தன் தலையில் இல்லை, உடம்பில் இருக்கிறது என்று அவர் பிற்காலத்தில் எழுதினார்: உள்ளங்காலில், ஈர வைக்கோலின் வாடையில், திடீரென்று கேட்கும் ஒரு பறவையின் குரலில்.

1944இல் சோவியத் படை வந்தபோது சமையலறை எடுபிடியாக அதில் ஒட்டிக்கொண்டான். போர் முடிந்ததும் அகதிகளோடு அகதியாக இத்தாலி. அங்கிருந்து 1946இல் கப்பலேறிப் பாலஸ்தீனம். அப்போது வயது 14. பள்ளிப் படிப்பு ஒன்றாம் வகுப்பு.

இங்கேதான் எனக்கு மிக முக்கியமாகப் படும் பகுதி வருகிறது. அந்தப் பையனுக்கு எத்தனை மொழி தெரியும்? ஜெர்மன், யிட்டிஷ், ருத்தேனியம், ருமேனியம், போதாததற்கு ரஷ்யனும் வழியில் ஒட்டிக்கொண்டது. எதிலும் ஒரு பக்கம் எழுத வராது. 1946ஆம் ஆண்டில் அவர் வைத்திருந்த நாட்குறிப்பைப் பற்றி நினைவுநூலில் எழுதுகிறார்: அதில் வாக்கியங்களே இல்லை. ஜெர்மன், யிட்டிஷ், ஹீப்ரு, ருத்தேனியச் சொற்கள் தனித்தனியாக, ஒன்றோடொன்று சேராமல் கிடக்கின்றன. பேசும்போது திக்கல் வேறு.

அவர் போய்ச் சேர்ந்த சமூகத்திலோ மொழி ஒரு கொள்கையாக இருந்தது. ஹீப்ரு என்பது யூத வேதநூலின் மொழி, வழிபாட்டின் மொழி. பல நூற்றாண்டுகளாக எழுதவும் படிக்கவும் பட்டது, ஆனால் தாலாட்டும் சந்தைப் பேச்சும் அதில் இல்லை. எலியேசர் பென் யெஹூதா 1881இல் எருசலேமுக்கு வந்து தன் வீட்டுக்குள் ஹீப்ரு மட்டுமே பேசுவது என்று பிடிவாதமாக இருந்தார். 1882இல் பிறந்த அவர் மகனைத்தான் நவீன காலத்தில் ஹீப்ருவைத் தாய்மொழியாகக் கொண்ட முதல் குழந்தை என்பார்கள். அறுபது ஆண்டுகளில் அந்த முயற்சி ஓர் இயக்கமாகி, அதட்டலாகவும் ஆகியிருந்தது. ‘ஹீப்ருவனே, ஹீப்ரு பேசு’ என்பது தெருவில் ஒலித்த முழக்கம். அகதிப் பிள்ளைகள் பெயரை மாற்றிக்கொண்டார்கள்; எர்வின் அஹரோன் ஆனார். விவசாயப் பயிற்சிப் பள்ளியில் அவர் காதில் விழுந்த ஹீப்ரு கட்டளைகளால் ஆனது: வேலை செய், சாப்பிடு, ஒழுங்குபடுத்து, தூங்கு. பழையதை மற, நேராக நில், புது மனிதனாகு.

புது மொழி உள்ளே வரவர ஜெர்மன் வெளியேறிக்கொண்டிருந்தது. அம்மாவும் அம்மாவின் மொழியும் தனக்கு ஒன்றே என்பதால், அந்த மொழி உள்ளுக்குள் மங்கியபோது அம்மா இரண்டாம் முறை சாவதுபோல இருந்தது என்று அவர் எழுதுகிறார். சரளமாக ஹீப்ரு எழுதிய பிறகும், ஒருநாள் காலையில் கண் விழித்தால் கஷ்டப்பட்டுச் சேர்த்த ஹீப்ரு மொத்தமும் போயிருக்குமோ என்ற பயம் கடைசிவரை இருந்ததாம். பிறவியிலேயே மொழி கிடைத்தவர்களுக்கு இப்படியொரு பயம் வராது.

கற்றுக்கொள்வதற்கு அவர் கண்டுபிடித்த வழி எளியது: ஹீப்ரு வேதநூலின் பகுதிகளைத் தன் கையால் பார்த்துப் பார்த்து எழுதினார். எழுத்துகளோடு கையைப் பழக்குவதுதான் முதல் நோக்கம். ஆனால் பார்த்து எழுதும் கைக்கு நடையும் ஒட்டிக்கொள்ளும். வேதக் கதைகளில் ஆபிரகாம் மகனைப் பலியிட அழைத்துப் போகிறான். கழுதைக்குச் சேணம் கட்டுகிறான், விறகு பிளக்கிறான், மூன்றாம் நாள் இடத்தைத் தூரத்தில் காண்கிறான். தகப்பன் மனத்தில் என்ன ஓடியது என்று ஒரு வரிகூட இல்லை. அடைமொழி இல்லை, விளக்கம் இல்லை. காட்டில் வாய் மூடி வாழ்ந்த ஒரு பையனுக்கு இந்த நடை அந்நியமாக இருந்திருக்காது. 2010இல் வெளிவந்த, உறங்கிக்கொண்டே இருக்கும் ஓர் இளைஞனைப் பற்றிய நாவலில் இதையே அவர் கதையாக்கினார். காயம்பட்டுப் படுத்திருக்கும் நாயகனின் பெயர் எர்வின். அவனும் வேதப் பகுதிகளைப் பார்த்து எழுதியே புது மொழிக்குள் நுழைகிறான்.

பின்னர் எருசலேமின் ஹீப்ரு பல்கலைக்கழகம். தத்துவவாதி மார்ட்டின் பூபர், யூத மறைஞானத்தை ஆய்ந்த கெர்ஷோம் ஷோலம் போன்றவர்கள் அங்கே ஆசிரியர்கள். டோவ் சதானிடம் அவர் யிட்டிஷ் இலக்கியம் படித்தார். தாத்தா பாட்டியின் மொழி, வீட்டில் தாழ்வாகக் கருதப்பட்ட மொழி, இங்கே பாடமாகத் திரும்பி வந்தது. 1950களில் காஃப்காவைக் கண்டடைந்தார். காஃப்கா தன்னோடு இரண்டு மொழிகளில் பேசியதாக அமெரிக்க நாவலாசிரியர் ஃபிலிப் ராத்துடன் நடத்திய உரையாடலில் அவர் சொல்கிறார்: ஒன்று ஹாப்ஸ்பர்க் பேரரசின், அதாவது பழைய ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின், அந்த ஜெர்மன், இன்னொன்று அபத்தத்தின் மொழி. முகாம்களிலிருந்தும் காடுகளிலிருந்தும் வந்த தனக்கு அந்த இரண்டாவது மொழி நன்றாகவே பழக்கம் என்றார்.

சில ஆண்டுகள் கழித்து இன்னொன்றும் நடந்தது. நாட்டுக்குப் புதிதாக வந்தவர்களின் பட்டியல் ஒன்றில் தன் தந்தையின் பெயரைக் கண்டார். இருவருமே மற்றவர் இறந்துவிட்டதாக நம்பிக்கொண்டிருந்தார்கள். பிரிந்து ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. புதுக் குடியேறிகளுக்கான முகாமில் போய்ச் சந்தித்தார். இத்தனை நூல்கள் எழுதியவர் அந்தச் சந்திப்பை மட்டும் எழுதவில்லை. தன்னால் முடியவில்லை என்று சொன்னார்.

தப்பி வந்தவர்களைப் பற்றிப் பேச அன்றைய இஸ்ரேல் தயாராக இல்லை. ஏன் எதிர்க்காமல் போனீர்கள் என்ற கேள்வி எங்கும் தொங்கியது. யூதர்களை வதைமுகாம்களுக்கு அனுப்பும் வேலையை நடத்திய நாஜி அதிகாரி ஐக்மன் மீது 1961இல் எருசலேமில் நடந்த விசாரணையில்தான் சாட்சிகள் ஒவ்வொருவராக வந்து பேச, நாடு உட்கார்ந்து கேட்டது. அடுத்த ஆண்டு, 1962இல், ஆப்பெல்ஃபெல்டின் முதல் சிறுகதைத் தொகுப்பு ‘புகை’ வெளிவந்தது. தலைப்பைப் பார்த்து எரியும் உலைகளை எதிர்பார்த்தவர்களுக்கு அதில் கிடைத்தவர்கள் போருக்குப் பிறகு பிழைப்பு நடத்தும் சில்லறை வியாபாரிகள், பேச்சு வராத மனிதர்கள், சந்தைத் தெருவில் நடப்பவர்கள்.

அவருடைய நாவல்களில் வெளியுலகம் அதிகம் அறிந்தது ‘பாடென்ஹைம்’. 1970களில் ஹீப்ருவில் வந்தபோது அதன் பெயர் ‘பாடென்ஹைம், விடுமுறை நகரம்’. 1980இல் ஆங்கிலத்தில் வந்தபோது ‘பாடென்ஹைம் 1939’ ஆயிற்று. ஓர் ஆண்டைச் சேர்த்ததில் என்ன ஆகிவிடப் போகிறது என்று தோன்றலாம். எனக்கு அது பெரிய இழப்பாகப் படுகிறது. ஹீப்ரு தலைப்பைப் பார்க்கிறவருக்கு ஏதோ சுற்றுலா விளம்பரம் போல இருக்கும். என்ன வரப்போகிறது என்பதை வாசகரே தன் அறிவிலிருந்து கொண்டுவர வேண்டும், புத்தகம் சொல்லாது. ஆங்கிலத் தலைப்பு அட்டையிலேயே விரலை நீட்டிவிடுகிறது.

கதை நடப்பது வியன்னாவிலிருந்து அதிகத் தூரமில்லாத ஒரு கோடை வாசஸ்தலத்தில். வசந்தம் திரும்புகிறது. இசைவிழா ஏற்பாட்டாளர் டாக்டர் பாப்பென்ஹைம் வழக்கம்போலக் கலைஞர்களை அழைத்து வருகிறார், வராதவர்களுக்காகக் கவலைப்படுகிறார். விடுமுறைக்கு வந்தவர்கள் பலகாரக் கடையில் கூடுகிறார்கள், காதலிக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள். இரட்டையர் இருவர் ஜெர்மன் மொழிக் கவிஞர் ரில்கேயின் கவிதைகளைச் சொல்ல வருகிறார்கள். மருந்துக் கடைக்காரர் மனைவி ட்ரூடா மட்டும் நோயில் கிடக்கிறாள். அவள் கண்ணுக்கு ஊரே சீக்குப் பிடித்துத் தெரிகிறது. ஊரில் சுகாதாரத் துறை இருக்கிறது. அதன் ஆய்வாளர்கள் வந்து அளக்கிறார்கள், குறிப்பெடுக்கிறார்கள். பிறகு யூதர்கள் எல்லோரும் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்று ஓர் அறிவிப்பு. பிறகு போலந்தின் அழகைப் பாடும் சுவரொட்டிகள். பிறகு ஊர் வாசல் மூடப்படுகிறது. தபால் நின்றுவிடுகிறது. நாஜி என்ற சொல் ஓர் இடத்திலும் வராது. சீருடைக்காரன் ஒருவனும் கதவை உதைப்பதில்லை.

கொடுமையின் தொடக்கம் ஓர் அலுவலகத்திலிருந்து, அதுவும் சுகாதாரத் துறையிலிருந்து வருகிறது என்பதே இந்த நாவலின் பெரிய கண்டுபிடிப்பு. சுத்தம் செய்ய வருகிறார்கள் என்றால் யார் எதிர்ப்பார்கள்? பதிவு செய்துகொள்வதில் மக்கள் போட்டிகூடப் போடுகிறார்கள். இந்தப் பதிவேட்டில் இடம்பெறும் உரிமை தனக்கு உண்டா என்று வாதிடுகிறவர்களும் இருக்கிறார்கள். ‘கிழக்கு யூதர்கள்’ மேல் ஆஸ்திரிய யூதர்களுக்கு இருந்த இளக்காரம் இடையிடையே வெளிப்படுகிறது. கடைசியில் எல்லோரும் ரயில் நிலையத்துக்கு நடக்கிறார்கள், ஏதோ ஓர் உல்லாசப் பயணத்தின் கலகலப்போடு. அழுக்கேறிய நான்கு சரக்குப் பெட்டிகள் வந்து நிற்கின்றன. பெட்டிகள் இவ்வளவு அழுக்காக இருக்கின்றன என்றால் நாம் போகிற இடம் அதிகத் தூரமில்லை என்றுதான் அர்த்தம் என்கிறார் டாக்டர் பாப்பென்ஹைம். நாவல் அங்கே நிற்கிறது.

அந்த இறுதியைப் படித்த முதல் முறை எனக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவு குருடாகவா இருப்பார்கள் என்ற கோபம். விமர்சகர்கள் சிலருக்கும் இதே வருத்தம் உண்டு: பாதிக்கப்பட்டவர்களையே அசடுகளாகக் காட்டி, கொன்றவர்களைக் காட்சியிலிருந்து எடுத்துவிடுகிறார் என்பது அவர் மேல் வைக்கப்பட்ட குற்றச்சாட்டு. அது எளிதில் தள்ளிவிடக் கூடியதில்லை. ஆனால் இரண்டாம் முறை படித்தபோது வேறொன்று தெரிந்தது. பாப்பென்ஹைமின் கணக்கு ஒரு நல்ல மனிதனின் கணக்கு. தொலைதூரப் பயணத்துக்கு மனிதர்களை யாரும் இப்படிப்பட்ட பெட்டியில் ஏற்ற மாட்டார்கள் என்று நம்புவதற்கு உலகத்தின் மேல் ஓர் அடிப்படை மரியாதை வேண்டும். அவருக்கு அது இருந்தது. எழுதியவரின் வீட்டிலும் அது இருந்தது. வியன்னாவின் பண்பாட்டை நம்பிய வீடு அது. பெற்றோரைக் கேலி செய்ய அவர் இதை எழுதியிருப்பார் என்று இப்போது எனக்குத் தோன்றவில்லை. அவர்களோடு கடைசியாக ஒரு கோடை விடுமுறையைக் கழித்துவிட்டு வந்திருக்கிறார்.

1983இல் வந்த ‘ட்ஸிலி’ வேறு வகை. அவருடைய சொந்த அனுபவத்துக்கு மிக நெருக்கமான நாவல் அதுதான், ஆனாலும் அதில் அவர் இல்லை. ஏழை யூதக் குடும்பத்தின் கடைசிப் பெண், படிப்பு ஏறாதவள், வீட்டிலேயே யாரும் பொருட்படுத்தாதவள். ஆபத்து வந்தபோது வீட்டைப் பார்த்துக்கொள் என்று அவளை விட்டுவிட்டுக் குடும்பம் ஓடுகிறது. ஊருக்குத் தெரிந்த விலைமாது மரியாவின் மகள் நான் என்று சொல்லிக்கொண்டு அவள் குடியானவர் வீடுகளில் அடியும் உதையும் வாங்கிப் பிழைக்கிறாள். முகாமிலிருந்து தப்பிய மார்க் என்பவனோடு மலையில் பதுங்கு குழியில் வாழ்கிறாள்; ஒருநாள் கீழே போன அவன் திரும்பவில்லை. வயிற்றில் பிள்ளை, அதுவும் தங்கவில்லை. போர் முடிந்து பிழைத்தவர்களின் கூட்டம் தெற்கே நடக்க, அவளும் நடக்கிறாள்.

தன் கதையை ஏன் ஒரு பெண்ணின் கதையாக மாற்றினார்? ஃபிலிப் ராத் கேட்டபோது அவர் சொன்ன விளக்கம் எழுதுகிற யாருக்கும் பயன்படும். நடந்ததை நடந்தபடி எழுதப் பலமுறை முயன்றிருக்கிறார். எழுதியது நம்ப முடியாததாக, இட்டுக்கட்டியது போலத் தெரிந்தது. நடந்தவை கற்பனையை மிஞ்சியவை. நினைவுக்கு அடிமையாக இருக்கும்வரை அது கதையாகாது. தன்னைவிடச் சற்று மூத்த ஒரு பெண்ணிடம் அதைக் கொடுத்த பிறகுதான் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற சுதந்திரம் வந்தது. வாழ்க்கையில் நடந்தது என்பதே போதும், எழுத்தில் அது தானாக உண்மையாகிவிடும் என்று நம்பும் நம் காலத்து வாசகர்களுக்கு இது கசப்பாக இருக்கலாம்.

‘கதெரினா’வில் இன்னும் துணிந்தார். கதை சொல்பவள் யூதப் பெண்ணே இல்லை. ருத்தேனியக் கிறிஸ்தவக் கிழவி. அவருடைய சிறுவயது வீடுகளில் வேலை செய்த பெண்களின் சாயல் அவளுக்கு. யூத வீடுகளில் வேலைக்காரியாக இருந்து அவர்களின் பண்டிகைகளையும் யிட்டிஷ் மொழியையும் தனதாக்கிக்கொண்டவள். தன் குழந்தையைக் கொன்றவனைக் கொன்று நாற்பதாண்டு சிறையில் கழிக்கிறாள். சிறைக்கு வெளியே ரயில்கள் போகின்றன. விடுதலையாகி ஊர் திரும்பும்போது அவள் நேசித்த மனிதர்களில் ஒருவரும் மிச்சமில்லை. அவர்களின் பிரார்த்தனையையும் சொற்களையும் நினைவில் வைத்திருப்பவள் அவள் ஒருத்தி. அவர் எழுதியவற்றில் என் மனத்துக்கு மிக நெருக்கமானது இது. தன் மக்களுக்கான ஒப்பாரியை, கொன்றவர்களின் ஊரில் பிறந்த ஒருத்தியின் வாயில் வைக்க எத்தனை எழுத்தாளர்களுக்கு மனம் வரும்?

‘இருப்புப் பாதைகள்’ நாவலில் வரும் எர்வின் ஆண்டு முழுக்க ஆஸ்திரியாவின் ரயில்களிலேயே வாழ்ந்தபடி, பழைய யூத வழிபாட்டுப் பொருட்களை வாங்கிச் சேர்க்கிறான். பெற்றோரைக் கொன்ற முகாம் தலைவனைத் தேடுகிறான். ‘இருளின் மலர்கள்’ நாவலில் பதினோரு வயது ஹூகோவை அவன் தாய் விலைமாதர் விடுதியில் மரியானா என்ற பெண்ணிடம் ஒப்படைக்கிறாள். அவன் ஓர் உள்ளறையில் ஒளிந்து வாழ்கிறான். மரியாக்கள், மரியானாக்கள், எர்வின்கள் திரும்பத் திரும்ப வருவதைக் கவனிக்கலாம். பத்துப் பன்னிரண்டு நூல்களைத் தொடர்ந்து படித்தால் அலுப்பும் வரும்; சிலவற்றில் முன்பே எழுதியதன் நிழல்தான் மிஞ்சுகிறது. இதை மறைக்க வேண்டியதில்லை. ஒரே புண்ணைச் சுற்றி ஐம்பதாண்டு எழுதியவரிடம் எல்லாப் பக்கமும் ஒரே கூர்மையில் இருக்காது.

புகோவினாவிலிருந்து வந்த எழுத்தாளர்களில் அவரை வைத்துப் பார்த்தால் அவர் எடுத்த முடிவின் கனம் இன்னும் தெளிவாகும். 1920இல் செர்னோவிட்ஸில் பிறந்த கவிஞர் பவுல் செலானின் பெற்றோரும் ட்ரான்ஸ்நிஸ்ட்ரியாவுக்கு அனுப்பப்பட்டு மாண்டார்கள். செலான் பாரிஸில் வாழ்ந்தபடி கடைசிவரை ஜெர்மனிலேயே எழுதினார். அம்மாவின் மொழியை விட மறுத்து, அதை உள்ளிருந்தே உடைத்துப் பார்த்தார். 1930இல் அதே புகோவினாவில் பிறந்த டான் பாகிஸ் ஆப்பெல்ஃபெல்டைப் போலவே ஹீப்ருவுக்கு மாறிக் கவிஞரானார். 1966இல் நோபல் பரிசு இருவருக்குப் பகிர்ந்து வழங்கப்பட்டபோது, ஒருவர் ஹீப்ருவில் எழுதிய அக்னோன், மற்றவர் ஜெர்மனில் எழுதிய நெல்லி ஸாக்ஸ், இருவருமே யூதர்கள். எந்த மொழியில் துக்கப்படுவது என்ற கேள்விக்கு ஒரே விடை இருந்ததில்லை.

இஸ்ரேலுக்குள் அவர் சற்று விலகியே நின்றார். அவர் தலைமுறையின் பெரிய பெயர்களான அமோஸ் ஓஸ், ஏ. பி. யெஹோஷுவா இருவரும் எருசலேமில் பிறந்தவர்கள். ஹீப்ருவைத் தாலாட்டோடு பெற்றவர்கள். அந்த மண்ணின் போர்களையும் குடும்பங்களையும் எழுதினார்கள். ஆப்பெல்ஃபெல்டின் கதைகளில் பெரும்பாலும் கார்பாத்தியக் காடுகளும் ஆஸ்திரிய ரயில் நிலையங்களும்தான். பாலஸ்தீனர்களோடான மோதல் அவர் புனைவில் ஏறக்குறைய இல்லை. அந்த இன்மையும் கவனிக்கத் தக்கதே. அகதியின் துயரை இவ்வளவு நுட்பமாக அறிந்தவர், தன்னைச் சுற்றி உருவான புதிய அகதிகளைப் பற்றி எழுதவில்லை என்று ஒரு வாசகர் குறைபட்டால் அதில் நியாயம் உண்டு என்றே நினைக்கிறேன்.

பேர்செபாவின் பென் குரியன் பல்கலைக்கழகத்தில் ஹீப்ரு இலக்கியம் கற்பித்தார். எருசலேம் காபிக் கடைகளில் உட்கார்ந்து எழுதுவது அவர் வழக்கம். 1983இல் இஸ்ரேல் பரிசு, 2004இல் நினைவுநூலின் பிரெஞ்சு மொழிபெயர்ப்புக்கு மெதிஸி பரிசு, 2012இல் ‘இருளின் மலர்கள்’ நாவலுக்கு பிரிட்டனின் இன்டிபென்டன்ட் அயல்மொழிப் புனைவுப் பரிசு. இனப்படுகொலை எழுத்தாளர் என்று தன்னை அழைப்பதை அவர் விரும்பியதே இல்லை. 2018 ஜனவரி 4 அன்று, 85 வயதில் இறந்தார்.

அதற்கு இருபதாண்டுகளுக்கு முன், 1990களில், அவர் பிறந்த பகுதிக்கு ஒருமுறை போய் வந்தார். அந்தப் பயணத்தைப் பற்றி 1998இல் நியூயார்க்கர் இதழில் எழுதினார். கொல்லப்பட்ட யூதர்களைப் புதைத்த இடம் எது என்று கிராமத்தாரிடம் கேட்டிருக்கிறார். யாருக்கும் தெரியவில்லை. அப்படி எதுவும் நினைவில்லை என்பது போல நின்றார்கள். பிறகு உயரமான ஒரு குடியானவர் வந்தார். இவர் கேட்பதை ஊரார் அவருக்கு உக்ரைனியத்தில் எடுத்துச் சொன்னார்கள். அவர் கையை உயர்த்திக் காட்டினார்: அதோ, அந்த மேட்டில். கொஞ்ச நேரம் அமைதி. அதன்பின் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். பெரியவர்கள் மறைக்கப் பார்த்தது ஊரில் குழந்தைகளுக்குக்கூடத் தெரிந்திருந்தது. 1941இல் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு ஓடிய பையன், அறுபது வயது கடந்த பிறகு, அந்த இடத்தை முதல்முறையாகப் பார்த்தான்.